24 வோல்ட்டை 48 ஆக்குவது: தொழிற்சாலைக் கருவிக்கான பூஸ்ட் கன்வெர்ட்டர்

தொழிற்சாலைகளின் கன்ட்ரோல் பேனல்களில் பெரும்பாலானவை 24 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் இயங்குபவை. பி.எல்.சி., ரிலே, சென்சார், சோலினாய்டு வால்வு எல்லாமே அந்த ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. அதே பேனலுக்குள் ஸ்டெப்பர் மோட்டார் டிரைவர் ஒன்று வந்து சேரும்போது சிக்கல் தொடங்குகிறது. அதற்கு 36 அல்லது 48 வோல்ட் வேண்டும். பேனலில் இருப்பதோ 24. ஏ.சி. லைனிலிருந்து தனியாக ஒரு மின்வழங்கியைப் பொருத்தலாம். இடமும் காசும் இருந்தால் அதுவே எளிய வழி. இடமில்லாத பேனலிலும் பேட்டரியில் ஓடும் தானியங்கி வண்டிகளிலும் அது நடக்காது. இருக்கும் 24 வோல்ட்டையே உயர்த்திக்கொள்ள வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் டி.சி.யில் வேலை செய்யாது. எனவே மின்னோட்டத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டி மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு சுற்று தேவைப்படுகிறது. அதுதான் பூஸ்ட் கன்வெர்ட்டர்.

ஸ்டெப்பர் மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் சில வோல்ட்தான் குறிப்பிடப்பட்டிருக்கும். அப்படியிருக்க 48 வோல்ட் எதற்கு என்ற கேள்வி இயல்பானது. பதில் வேகத்தில் இருக்கிறது. மோட்டாரின் சுருளில் மின்னோட்டம் உடனே ஏறிவிடாது. 3 மில்லிஹென்றி தூண்டம் உள்ள சுருளுக்கு 24 வோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் மில்லிநொடிக்கு 8 ஆம்பியர் என்ற வேகத்தில் ஏறும். 2 ஆம்பியரை எட்டக் கால் மில்லிநொடி ஆகும். ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்துவைக்கும் மோட்டார் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால் ஓர் அடிக்குக் கிடைப்பதே அரை மில்லிநொடி. அதில் பாதி மின்னோட்டம் ஏறுவதிலேயே கழிந்துவிடும். மோட்டார் சுழல்வதால் எழும் எதிர் மின்னழுத்தம் மீதியிலும் ஒரு பங்கைத் தின்னும். விளைவு, வேகம் கூடக் கூட முறுக்குவிசை சரிந்து மோட்டார் அடி தவறும். 48 வோல்ட்டில் அதே ஏற்றம் பாதி நேரத்தில் முடிகிறது. அதற்காக எல்லா மோட்டாருக்கும் 48 வோல்ட்டே கொடுத்துவிடவும் முடியாது. மின்னழுத்தம் கூடினால் மோட்டாரின் இரும்பு உள்ளகம் கூடுதலாகச் சூடாகும். ஒவ்வொரு டிரைவருக்கும் தாங்கும் வரம்பு என்று ஒன்றும் உண்டு. ஆகவே இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றியமைக்கக்கூடிய வெளியீடு தேவை. 32 முதல் 48 வோல்ட் வரை திருகி வைத்துக்கொள்ளக்கூடிய, 3 ஆம்பியர் தரக்கூடிய ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டரே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படும் வடிவமைப்பு.

சுற்றின் அடிப்படை நான்கே உறுப்புகள்: ஒரு தூண்டுச்சுருள், ஒரு மாஸ்ஃபெட், ஒரு டையோடு, ஒரு மின்தேக்கி. மாஸ்ஃபெட் கடத்தும்போது சுருளின் மறுமுனை தரைக்கு இணைக்கப்படுகிறது. உள்ளீட்டு மின்னழுத்தம் முழுவதும் சுருளின் மேல் விழ, அதில் மின்னோட்டம் சீராக ஏறி, காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. மாஸ்ஃபெட் அணைந்ததும் அந்த மின்னோட்டம் போக வழியில்லாமல் நிற்கிறது. ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய்க்குள் அழுத்தம் எகிறுவதுபோல, சுருளின் முனையில் மின்னழுத்தம் எகிறுகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலும், அதன் திசையை 1834-ல் ஹைன்ரிக் லென்ஸ் வரையறுத்த விதியும் இங்கே நேரடியாக வேலை செய்கின்றன. எகிறிய மின்னழுத்தம் உள்ளீட்டோடு கூடிக்கொண்டு டையோடு வழியாக மின்தேக்கியை நிரப்புகிறது. அடுத்த முறை மாஸ்ஃபெட் கடத்தும்போது மின்தேக்கியிலிருந்து மின்சாரம் பின்னால் வழிந்துவிடாமல் டையோடு தடுக்கிறது.

வெளியீடு எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிப்பது, ஒவ்வொரு சுழற்சியிலும் மாஸ்ஃபெட் கடத்தும் நேரத்தின் பங்கு. அதுவே டியூட்டி சைக்கிள். நிலையான இயக்கத்தில் சுருளின் மின்னோட்டம் ஏறிய அளவுக்கு இறங்கியாக வேண்டும். இந்த ஒரே நிபந்தனையிலிருந்து கணக்கு வந்துவிடுகிறது: ஒன்றிலிருந்து டியூட்டி சைக்கிளைக் கழித்து, மீதியால் உள்ளீட்டை வகுத்தால் கிடைப்பது வெளியீடு. பாதி நேரம் கடத்தினால் 24 வோல்ட் 48 ஆகும்; முக்கால் நேரம் கடத்தினால் 96 ஆகும். முழு நேரமும் கடத்தினால் முடிவிலி என்று சூத்திரம் சொல்லும். ஆனால் அப்போது டையோடு வழியாக ஒரு துளி ஆற்றலும் போகாது. வெளியீடு சுழியத்துக்கு இறங்கும். சுருளின் கம்பிக்கு மின்தடை உண்டு என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஓர் உச்சத்துக்குப் பிறகு டியூட்டி சைக்கிளைக் கூட்டக் கூட வெளியீடு குறையத் தொடங்குவது தெரியும். நல்ல பயனுறுதிறன் வேண்டுமானால் நான்கு, ஐந்து மடங்குக்கு மேல் பூஸ்ட் கன்வெர்ட்டரிடம் கேட்கக் கூடாது. இரண்டு மடங்கு அதற்கு மிகவும் வசதியான வேலை.

வடிவமைப்பைத் தொடங்கும்போது சராசரி நிலையைப் பார்ப்பதால் பயனில்லை. பேனலில் 24 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் நீளமான கம்பியின் முடிவில், பல வால்வுகள் ஒன்றாக இயங்கும் நேரத்தில், அது 20 வோல்ட்டுக்கு இறங்கலாம். சுமை குறைந்தால் 28-க்கு ஏறலாம். மாற்றியமைக்கக்கூடிய கன்வெர்ட்டரில் வெளியீடும் நகர்வதால், கணக்குக்கு நான்கு மூலைகள் உண்டு. அவற்றில் மிகக் கடினமானது தாழ்ந்த உள்ளீடும் உயர்ந்த வெளியீடும் சேரும் மூலை: 20 வோல்ட்டிலிருந்து 48 வோல்ட், 3 ஆம்பியர். அங்கே டியூட்டி சைக்கிள் 58 விழுக்காடு. வெளியே போகும் 144 வாட்டுக்குப் பயனுறுதிறன் 92 விழுக்காடு என்று எச்சரிக்கையாக வைத்துக்கொண்டால், உள்ளே வர வேண்டியது ஏறத்தாழ 156 வாட், மின்னோட்டம் 7.8 ஆம்பியர். வெளியீட்டில் 3 ஆம்பியர் என்று கேட்டவர் உள்ளே ஏறக்குறைய 8 ஆம்பியருக்குச் சுற்றைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. சந்தையில் விற்கும் மலிவான பூஸ்ட் போர்டுகள் சூடேறிச் செத்துப்போவதற்கு இந்த உள்ளீட்டு மின்னோட்டத்தை யாரும் கணக்கில் எடுக்காததே பெரும்பாலும் காரணம்.

எதிர்மூலையும் கவனிக்கத்தக்கது. உள்ளீடு 28 வோல்ட்டாகவும் வெளியீடு 32 ஆகவும் இருக்கும்போது டியூட்டி சைக்கிள் எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. வெளியீட்டின் கீழ் எல்லையை 32-க்குக் கீழே கொண்டுபோகாததற்குக் காரணம் இதுவே. பூஸ்ட் கன்வெர்ட்டரால் உள்ளீட்டைவிடக் குறைந்த மின்னழுத்தம் தர முடியாது. உள்ளீடு வெளியீட்டைத் தாண்டினால் மின்சாரம் சுருளையும் டையோடையும் கடந்து கட்டுப்பாடில்லாமல் அப்படியே போய்விடும். 12 முதல் 48 வோல்ட் வரை வேண்டும் என்று கேட்பவருக்கு பூஸ்ட் பொருந்தாது. ஏற்றவும் இறக்கவும் தெரிந்த பக்-பூஸ்ட் அல்லது செபிக் சுற்றுதான் அவருக்குச் சரி.

சுருளின் அளவு, மின்னோட்டம் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதைப் பொறுத்தது. சராசரியில் 30 விழுக்காடு ஏற்ற இறக்கம் என்பது வழக்கமான தொடக்கப்புள்ளி, இங்கே 2.35 ஆம்பியர். 150 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கணக்கிட்டால் 33 மைக்ரோஹென்றி வருகிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் மதிப்பு. மின்னோட்டத்தின் உச்சி 9 ஆம்பியர். மின்னோட்ட வரம்பை 12 ஆம்பியரில் வைத்தால், சுருளின் உள்ளகம் 13 ஆம்பியருக்கு மேலும் காந்தச் செறிவடையாமல் இருக்க வேண்டும். செறிவடைந்த சுருள் வெறும் கம்பியாகிவிடும். அதன்பின் மாஸ்ஃபெட்டைக் காப்பாற்ற எதுவுமில்லை. ஃபெரைட் உள்ளகம் செறிவெல்லையில் திடீரென்று சரியும். சூடானால் அந்த எல்லையே கீழிறங்கும். இரும்புத்தூள் வகை உள்ளகங்கள் படிப்படியாகத் தளரும். உள்ளகத்தில் வீணாகும் ஆற்றல் அவற்றில் கூடுதல்தான் என்றாலும், மின்னோட்டம் எகிறக்கூடிய தொழிற்சாலைச் சூழலுக்கு இரும்புத்தூள் வகையே நம்பகமானது.

மாஸ்ஃபெட் அணையும்போது அதன் மேல் வெளியீட்டு மின்னழுத்தம் முழுவதும் விழுகிறது. கூடவே சில நானோநொடிகள் நீடிக்கும் கூர்முனைகளும் எழும். 48 வோல்ட்டுக்கு 60 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டு மிச்சம் பிடிப்பது ஆபத்து. 100 வோல்ட் வகையே சரி. கடத்தும் நிலையில் 10 மில்லியோம் மின்தடை உள்ளதை எடுத்தால், சூட்டில் அது கூடுவதையும் சேர்த்துக் கடத்தல் இழப்பு அரை வாட்டுக்குச் சற்று மேல். ஆனால் அது கடத்தத் தொடங்கும், அணையும் கணங்களில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் மொத்தம் 40 நானோநொடி அப்படிப் படிந்தால் இழப்பு 1.1 வாட். அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் இந்த இழப்பும் இரட்டிக்கும். சுருளைச் சிறிதாக்கும் ஆசையில் அதிர்வெண்ணை ஏற்றுவதன் விலை இது. டையோடு இதைவிடப் பெரிய செலவாளி. ஷாட்கி டையோடிலும் 0.7 வோல்ட் விழும். 3 ஆம்பியருக்கு 2.1 வாட் வெப்பம். டையோடுக்குப் பதிலாக இன்னொரு மாஸ்ஃபெட்டைப் போட்டு, முதலாவது அணையும்போது இதைக் கடத்தவைத்தால் அது அரை வாட்டுக்குள் அடங்கும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கடத்திவிட்டால் வெளியீட்டு மின்தேக்கி நேராகத் தரைக்குக் கொட்டும். அந்த இடைவெளியைத் தானே பார்த்துக்கொள்ளும் சிப் இல்லாதவரை டையோடே பாதுகாப்பானது.

மின்தேக்கிக்குப் பூஸ்ட் சுற்றில் ஓய்வே கிடையாது. மாஸ்ஃபெட் கடத்தும் நேரம் முழுவதும் சுமைக்கான 3 ஆம்பியரை அது ஒன்றே தருகிறது. அணைந்ததும் 9 ஆம்பியர் வரை அதை நோக்கிப் பாய்கிறது. கடினமான மூலையில் அதன் வழியே ஓடும் பயனுறு மின்னோட்டம் 3.5 ஆம்பியர். வெளியீட்டின் அலைவு 0.1 வோல்ட்டுக்குள் இருக்க 120 மைக்ரோஃபாரட் போதும் என்று கணக்கு காட்டும். ஆனால் மின்தேக்கியின் உள்மின்தடை 20 மில்லியோம் என்றாலே 9 ஆம்பியரில் 0.18 வோல்ட் துள்ளும். ஆக, தேர்வைத் தீர்மானிப்பது மைக்ரோஃபாரட் இல்லை. உள்மின்தடையும் தாங்கும் மின்னோட்டமும்தான். பல சிறிய எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளை இணையாகப் போட்டு 470 மைக்ரோஃபாரட் ஆக்கி, மாஸ்ஃபெட்டுக்கு மிக அருகில் சில செராமிக் மின்தேக்கிகளை வைப்பது நல்ல ஏற்பாடு. செராமிக் மின்தேக்கியின் மேல் டி.சி. மின்னழுத்தம் ஏற ஏற அதன் கொள்ளளவு சுருங்கும் என்பதால் உறையில் எழுதியிருக்கும் மதிப்பை நம்பக் கூடாது.

இனி, திருகு. கட்டுப்பாட்டுச் சிப்பாக யு.சி.3843-ஐ எடுத்துக்கொள்ளலாம், பல ஆண்டுகளாகப் புழங்கும், எங்கும் கிடைக்கும் சிப். அதன் சகோதரச் சிப்பான 3845-ல் டியூட்டி சைக்கிள் பாதியைத் தாண்டாது; எனவே 58 விழுக்காடு தேவைப்படும் இவ்வேலைக்கு அது உதவாது. 3843 தன் பின்னூட்ட முனையில் எப்போதும் 2.5 வோல்ட் இருக்கும்படி வெளியீட்டை நகர்த்தும். வெளியீட்டிலிருந்து அந்த முனைக்கு 33 கிலோஓம்; முனையிலிருந்து தரைக்கு 1.82 கிலோஓமும், திருகி மாற்றக்கூடிய மின்தடையான 1 கிலோஓம் ட்ரிம்பாட்டும் தொடராக. ட்ரிம்பாட் சுழியத்தில் இருந்தால் வெளியீடு 47.8 வோல்ட், முழுவதும் திருகினால் 31.8 வோல்ட். ட்ரிம்பாட்டின் மதிப்பு 20 விழுக்காடு கூடிப்போனாலும் கீழ் எல்லை 29.8-க்குத்தான் இறங்கும், உள்ளீட்டின் 28-ஐத் தொடாது. மேல் எல்லையைத் தீர்மானிப்பவை துல்லியமான நிலை மின்தடைகள் மட்டுமே என்பதால், யார் எவ்வளவு திருகினாலும் 48-ஐத் தாண்ட முடியாது.

ட்ரிம்பாட்டை வெளியீட்டுப் பக்கமுள்ள மேல்கிளையில் வைக்காமல் தரைப் பக்கமுள்ள கீழ்க்கிளையில் வைத்ததற்கு வலுவான காரணம் உண்டு. தொழிற்சாலையில் அதிர்வும் தூசியும் எண்ணெய்ப் புகையும் உண்டு. ட்ரிம்பாட்டின் உள்ளே நகரும் தொடுமுனை ஒருநாள் தொடர்பை இழக்கும் என்று எதிர்பார்த்தே வடிவமைக்க வேண்டும். மேல்கிளையில் இருந்தால், தொடர்பு அறுந்த கணத்தில் பின்னூட்ட முனை சுழியத்துக்கு விழும். வெளியீடு குறைந்துவிட்டது என்று சிப் நினைத்து, முழு வேகத்தில் ஏற்றத் தொடங்கும்; டிரைவரும் மின்தேக்கிகளும் போய்விடும். கீழ்க்கிளையில் அறுந்தால் முனை மேலே இழுக்கப்படும். வெளியீடு கூடிவிட்டது என்று நினைத்துச் சிப் நிறுத்திக்கொள்ளும். ஒரே உறுப்பு, ஒரே பழுது. வைத்த இடத்தைப் பொறுத்து ஒன்றில் இயந்திரம் நிற்கிறது, மற்றொன்றில் எரிகிறது. இதில் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. 3843-க்குள் இருக்கும் பிழைப்பெருக்கியின் ஆதாயத்தைத் தீர்மானிப்பது மேல்கிளை மின்தடைதான். கீழ்க்கிளையைத் திருகுவதால் அந்த ஆதாயம் மாறாது.

திருகுக்குப் பதிலாகப் பி.எல்.சி.யின் 0–10 வோல்ட் சிக்னலால் வெளியீட்டை நகர்த்தவும் முடியும். சிக்னலை ஏறத்தாழ 20 கிலோஓம் வழியாகப் பின்னூட்ட முனையில் சேர்த்தால் போதும். ஆனால் சிக்னல் ஏறினால் வெளியீடு இறங்கும், பி.எல்.சி. அணைந்து சிக்னல் சுழியமானால் கன்வெர்ட்டர் உச்சத்துக்கு ஏறும். இது தலைகீழான பாதுகாப்பு. ஓர் ஆப்-ஆம்ப் போட்டுச் சிக்னலைத் திருப்பிவிட்டு, சுழியம் என்றால் 32 வோல்ட் என்று வைப்பதே முறை. 4–20 மில்லிஆம்பியர் சிக்னல் இன்னும் நல்லது. 4-க்குக் கீழே இறங்கினாலே கம்பி அறுந்தது என்று தெரிந்துவிடும்.

பூஸ்ட் கன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டு வளையத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. சுமை திடீரென்று கூடி வெளியீடு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிப் டியூட்டி சைக்கிளைக் கூட்டுகிறது. மாஸ்ஃபெட் அதிக நேரம் கடத்துகிறது. அதனால் டையோடு வழியாக மின்னோட்டம் போகும் நேரம் உடனடியாகக் குறைகிறது. சுருளின் மின்னோட்டம் ஏறி முடியும்வரை வெளியீடு மேலும் இறங்குகிறது. சரிசெய்யும் நடவடிக்கையே முதலில் நிலைமையை மோசமாக்குகிறது. பொறுமையில்லாத கட்டுப்பாடு இதைப் பார்த்து இன்னும் கூட்டும். சுற்று அலைபாயத் தொடங்கும். கட்டுப்பாட்டுப் பொறியியலில் இது வலது அரைத்தளச் சுழி எனப்படும். அமெரிக்காவின் கால்டெக்கில் ஆர். டி. மிடில்புரூக்கும் ஸ்லோபோதான் சூக்கும் 1976-ல் முன்வைத்த சராசரியாக்க முறை, மாஸ்ஃபெட் வெட்டும் ஒவ்வொரு சுழற்சியையும் தனித்தனியே பார்க்காமல் மொத்த நடத்தையைச் சமன்பாட்டில் பிடிக்க வழிகாட்டியது. இன்றுவரை வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் சூத்திரங்கள் பல அந்த முறையின் வழியே பெறப்படுபவை.

இந்தச் சுழி நிற்கும் அதிர்வெண் சுமை, டியூட்டி சைக்கிள், சுருள் மூன்றையும் பொறுத்தது. 20 வோல்ட்டிலிருந்து 48-க்கு முழுச் சுமையில் ஏற்றும்போது அது 13 கிலோஹெர்ட்ஸ். 32 வோல்ட்டுக்கு ஏற்றும்போது 20 கிலோஹெர்ட்ஸ். மோசமானதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வளையம் அதில் நான்கில் ஒரு பங்கு வேகத்துக்கு மேல் பதில் சொல்லக் கூடாது. அதாவது ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ். கட்டுப்பாட்டை இதைவிட வேகமாக்க முயன்றால் பலன் கிடைக்காது. சுமையின் திடீர் தாவல்களை மின்தேக்கிதான் தாங்கியாக வேண்டும். 120 போதும் என்ற கணக்குக்கு மேல் 470 மைக்ரோஃபாரட் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று: 3843 போன்ற மின்னோட்ட வழிக் கட்டுப்பாட்டில் டியூட்டி சைக்கிள் பாதியைத் தாண்டினால் ஒரு சுழற்சி நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் மாறிமாறி வரும். சுருளிலிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கலாம். மின்னோட்ட சிக்னலோடு சிறிய சாய்வலை ஒன்றைச் சேர்த்தால் அது அடங்கும். இங்கே 58 விழுக்காடு வரை போவதால் அந்தச் சாய்வலை கட்டாயம்.

3843-க்கு ஒரு குறையும் உண்டு. மின்னோட்டத்தை அளக்கும் முனையில் அதன் வரம்பு 1 வோல்ட். 12 ஆம்பியரில் நிறுத்த வேண்டுமானால் 83 மில்லியோம் மின்தடை தேவை. அதில் மட்டும் முழுச் சுமையில் 3 வாட் வீணாகிறது. புதிய சிப்கள் 0.1 வோல்ட் அளவிலேயே உணர்ந்துகொள்ளும். விலை பொருட்டில்லாத இடத்தில் அவற்றையே தேர்ந்தெடுக்கலாம். பின்னூட்ட முனையின் மின்னழுத்தம் மாறுவதால் ட்ரிம்பாட் கணக்கை மட்டும் புதிதாகப் போட வேண்டும். 3843-ஐப் பயன்படுத்தினால் அதன் மின்சாரத்தை நேராக 24 வோல்ட்டிலிருந்து எடுக்கக் கூடாது. அதே மின்னழுத்தம்தான் மாஸ்ஃபெட்டின் கேட் முனைக்கும் போகும்; அம்முனை தாங்குவது பொதுவாக 20 வோல்ட்தான். இடையில் 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று வேண்டும்.

பூஸ்ட் கன்வெர்ட்டரின் மிகப் பெரிய பலவீனம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. உள்ளீட்டிலிருந்து சுருள், டையோடு வழியாக வெளியீட்டுக்கு ஒரு நேர்வழி எப்போதும் திறந்திருக்கிறது. மாஸ்ஃபெட்டை அணைத்தால் உயர்த்துவது நிற்கும்; மின்சாரம் நிற்காது. வெளியீட்டில் ஷார்ட் ஏற்பட்டால் சிப்பால் எதுவும் செய்ய முடியாது. சுவிட்சைப் போடும் கணத்திலும் இதே சிக்கல்: காலியான 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 33 மைக்ரோஹென்றி வழியாக நிரம்பும்போது, இழப்புகள் இல்லையென்றால் 90 ஆம்பியர் வரை பாயும், அந்த வேகத்தில் மின்தேக்கி உள்ளீட்டின் இரண்டு மடங்கு வரை ஏறிவிடக்கூடும். உள்ளீடு 28 என்றால் 56 வோல்ட். அதனால்தான் 50 வோல்ட் மின்தேக்கி இங்கே உதவாது. 63 வோல்ட்டாவது வேண்டும், 80 இன்னும் நல்லது. இத்தனைக்கும் தீர்வாக உள்ளீட்டில் இன்னொரு மாஸ்ஃபெட்டைத் தொடராக வைத்து, தொடக்கத்தில் மெதுவாகத் திறந்து, மின்னோட்டம் அளவு மீறினால் மூடும் சுற்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு ஃபியூஸ். தொழிற்சாலைக்குப் போகும் எந்தப் பூஸ்ட் கன்வெர்ட்டருக்கும் இது தவிர்க்க முடியாத பகுதி.

மோட்டாரால் வரும் ஆபத்து வேறு வகை. ஓடும் மோட்டாரை டிரைவர் சட்டென்று நிறுத்தும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி ஆற்றலைத் திருப்பி அனுப்பும். டையோடு ஒருவழிப் பாதை என்பதால் அது உள்ளீட்டுக்குப் போக முடியாது, மின்தேக்கியில்தான் குவியும். ஒரு கிலோ எடையும் நான்கரை சென்டிமீட்டர் ஆரமும் கொண்ட வட்டத்தகடு நிமிடத்துக்கு 600 சுற்றில் சுழன்றால் அதில் ஏறக்குறைய 2 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அது முழுவதும் 48 வோல்ட்டில் உள்ள 470 மைக்ரோஃபாரட்டுக்குள் வந்தால் மின்னழுத்தம் 100 வோல்ட்டைத் தாண்டும். உண்மையில் உராய்வும் மோட்டாரின் மின்தடையும் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆனாலும் மீதியே டிரைவரைக் கொல்லப் போதும். வெளியீடு 54 வோல்ட்டைத் தொட்டதும் ஒரு தடிமனான மின்தடையை இணைத்து ஆற்றலை வெப்பமாக்கும் பிரேக் சுற்று தேவை. பின்னூட்ட வளையத்தின் மின்தடைகளை நம்பாமல், அது தனக்கென்று தனி ஒப்பீட்டுச் சுற்று வைத்திருக்க வேண்டும். பின்னூட்டமே பழுதானாலும் காப்பாற்றினால்தான் அது உண்மையான பாதுகாப்பு.

சுற்று வரைபடம் சரியாக இருந்தும் போர்டு வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் உறுப்புகளை அடுக்கிய விதமே காரணம். மாஸ்ஃபெட், டையோடு, வெளியீட்டு மின்தேக்கி மூன்றும் சேர்ந்த வளையத்தில் மின்னோட்டம் 20 நானோநொடியில் 9 ஆம்பியர் தாவுகிறது. ஒரு சென்டிமீட்டர் செப்புத்தடத்துக்குச் சுமார் 10 நானோஹென்றி தூண்டம் உண்டு. அந்தத் தாவலில் அது 4.5 வோல்ட் கூர்முனையை எழுப்பும். தடம் ஐந்து சென்டிமீட்டர் ஆனால் 22 வோல்ட். செராமிக் மின்தேக்கிகளை அந்த வளையத்துக்குள் ஒட்டிவைத்து, கீழடுக்கு முழுவதையும் தரையாக விட்டு, பின்னூட்டத் தடத்தைச் சுருளிலிருந்து தள்ளி இழுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். உள்ளீட்டில் சுருள் தொடராக இருப்பதால் அங்கே மின்னோட்டம் துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ந்து ஓடும். அதனால் உள்ளீட்டில் மின்காந்த இரைச்சலை வடிகட்டுவது, மின்னழுத்தத்தை இறக்கும் பக் கன்வெர்ட்டரைவிடப் பூஸ்ட்டில் எளிது.

வெப்பம் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தகரக்கூரைப் பட்டறையில் மூடிய பேனலுக்குள் 55 டிகிரி என்பது கோடையில் சாதாரணம். எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ பாதியாகும். 105 டிகிரியில் 5000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டது 65 டிகிரியில் 80,000 மணி நேரம் உழைக்கும். இடைவிடாமல் ஓடினாலும் ஒன்பது ஆண்டு. அதே மின்தேக்கியைச் சூடான டையோடுக்குப் பக்கத்தில் வைத்து 85 டிகிரிக்கு ஏற்றினால் இரண்டே கால் ஆண்டில் கதை முடியும். மின்தேக்கிகளை ஹீட்சிங்க்கிலிருந்து தள்ளி வைப்பதற்குச் செலவே இல்லை. ஆனாலும் அதில்தான் அடிக்கடி கோட்டைவிடப்படுகிறது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, மின்னோட்ட வரம்பை ஓர் ஆம்பியரில் வைத்த பெஞ்ச் மின்வழங்கியும் ஒரு சிறிய சுமையும் போதும். மாஸ்ஃபெட்டின் மேல் எழும் அலையை ஆசிலோஸ்கோப்பில் பார்க்கும்போது ப்ரோபின் நீளமான தரைக் கம்பியைக் கழற்றிவிட்டு, முனையில் சுற்றும் குட்டிச் சுருள்வில்லைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் திரையில் தெரியும் கூர்முனை சுற்றினுடையதா கம்பியினுடையதா என்றே தெரியாது. பிறகு நான்கு மூலைகளிலும் சுமையை அரை ஆம்பியரிலிருந்து 3 ஆம்பியருக்குத் தாவவிட்டு, வெளியீடு ஒருமுறை இறங்கி அடங்குகிறதா, பலமுறை துள்ளுகிறதா என்று பார்ப்பது அவசியம். ஓடும்போதே ட்ரிம்பாட்டின் ஒரு காலைக் கழற்றிப் பார்ப்பதும் வெளியீட்டை ஷார்ட் செய்து பார்ப்பதும் இந்தச் சோதனையில் அடங்கும். முழுச் சுமையில் சில மணி நேரம் மூடிய பெட்டிக்குள் ஓடிய பிறகு எடுக்கும் வெப்ப அளவே கணக்கில் சேரும்.

உள்ளீடு சரிந்தால் என்ன ஆகும் என்பதையும் சோதிக்க வேண்டும். வெளியீட்டுத் திறன் மாறாததால், உள்ளீட்டு மின்னழுத்தம் குறையக் குறையக் கன்வெர்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் கூடும். அது மின்னழுத்தத்தை மேலும் இறக்கும். ஒரு கட்டத்தில் பேனலின் 24 வோல்ட் முழுவதும் சரிந்து பி.எல்.சி.யும் சேர்ந்து அணையும். 19 வோல்ட்டுக்குக் கீழே போனால் கன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படி ஒரு வரம்பு வைத்தால் மற்ற கருவிகள் தப்பும். பெயர்ப்பலகையில் வெளியீட்டை மட்டும் எழுதாமல், 24 வோல்ட்டில் 6.5 ஆம்பியரும் 20 வோல்ட்டில் 7.8 ஆம்பியரும் உள்ளே வேண்டும் என்பதையும் பொறிக்க வேண்டும். 5 ஆம்பியர் மின்வழங்கி மட்டுமே உள்ள பேனலில், வேறு கருவி எதுவும் மின்சாரம் எடுக்காவிட்டாலும், இந்தக் கன்வெர்ட்டரிடமிருந்து 48 வோல்ட்டில் 2.3 ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.